கோல்ட் ரூமில் நூர்ந்த கற்பூரம்

விதுஷனுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது கடைசியில் பியரில்தான் போய் நிற்கும். மில்லிக்கன் புறநகரில் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள், சாப்பாடு மேசைக்கு வருமுன் ஒரு மணித்தியாலம் பீப்பாய்ப் பாடம் கேட்டாக வேண்டும். கடையில் விற்பது செத்த பியராம். காஸ் அடித்துக் குளிராக்கி, அதற்குப் பவுடர் பூசி உட்கார்த்தி வைத்திருக்கிறார்களாம். தான் காய்ச்சும் ஏல் வகைப் பியர்தான் உயிருள்ளது. பீப்பாய்க்குள் போன பிறகும் ஈஸ்ட் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தானே நுரைக்கும், தானே தெளியும். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் கைப்பம்பால் இழுத்து வார்த்துக் குடித்து முடிக்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டு முடித்து ஒரு வாய் வைத்தவர்கள், "என்னடாப்பா, சூடாக் கிடக்கு" என்பார்கள். அவனுக்கு முகம் சுருங்கிப் போகும். ஆனாலும் அடுத்த விருந்தாளியை விடமாட்டான்.

அந்தப் பியருக்கு வேண்டியது பன்னிரண்டு, பதின்மூன்று பாகை செல்சியஸ் குளிர். அதற்கென்றே கட்டி வைத்ததுபோல அவன் வீட்டு பேஸ்மெண்டில் ஒரு கோல்ட் ரூம் இருந்தது. முன்வாசல் படிகளுக்கு அடியில், நாலு பக்கமும் கொங்கிறீற், யன்னல் கிடையாது. வெளிச்சுவரில் காற்றுக்கு இரண்டு ஓட்டைகள். பேஸ்மெண்ட் தரையிலிருந்து ஒரு படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். இடது பக்கம் அவனுடைய பீப்பாய்கள். வலது பக்கம் பிரதீபா அக்காவின் அரிசி மூட்டை, வெங்காயச் சாக்கு, தேங்காய்கள், தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்கள்.

பிரதீபா அவனுடைய ஒரே அக்கா. அவளுடைய புருசன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஆறு வருசமாக அவள் தம்பி வீட்டு பேஸ்மெண்டில்தான் இருக்கிறாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், வீட்டில் சமைக்கிறாள், தம்பியோடும் தம்பி மனைவி நிசாந்தினியோடும் மனக்கசப்பு வராமல் நடந்துகொள்கிறாள். குடியால் தாலியறுத்தவள், குடி ஊறும் அறைக்கு எதிர் அறையில் படுத்து எழும்புகிறாள். அதைப் பற்றி அவள் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. அவன் வீடு, அவன் வைத்ததுதான் சட்டம். ஆனால் எப்போதாவது ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் அத்தான்தான் நிற்கிறார் என்று விதுஷன் முடிவு கட்டியிருந்தான்.

இந்த மாசியில் அவன் ஒரு வேலை செய்தான். வழமையாக ஒரு நேரத்தில் ஒரு ட்ரம் தான் பொங்கவிடுவான். பங்குனியில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் போட்டி. மூன்று வகை ஏல், மூன்று பீப்பாய் என்று பெயர் கொடுத்துவிட்டான். ஆகவே மூன்று பெரிய பிளாஸ்டிக் ட்ரம்களையும் ஒன்றாகக் கோல்ட் ரூமில் இறக்கினான். அந்தக் கிழமை பார்த்துக் குளிர் மைனஸ் இருபத்திரண்டுக்கு இறங்கியது. சுவர் ஓட்டைகளால் குளிர் உள்ளே வந்து ஈஸ்ட் விறைத்துப் படுத்துவிட்டது. விதுஷன் ஓட்டை இரண்டுக்குள்ளும் குளிர் தடுக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சை அடைத்து, மேலே டேப் ஒட்டினான். புளித்த மணம் தன் அறைக்கு வருகிறதென்று அக்கா முன்பொருமுறை சொல்லியிருந்தாள். அதற்காகக் கதவின் கீழே இறப்பர்ப் பட்டியும் அடித்தான். அக்காவுக்குச் செய்த உபகாரம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

அறை சூடேறியது. மூன்று ட்ரம்மும் உற்சாகமாகப் பொங்கத் தொடங்கின. பொங்குகிற பியர் மூச்சு விடும். அது விடுவது காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு, காற்றைவிடப் பாரமானது, நிலத்தில் படுக்கும், ஆளைக் கொல்லும். இதை அவன் பள்ளிக்கூடத்திலும் படித்தவன், பியர்ப் புத்தகங்களிலும் படித்தவன். விருந்தாளிகளுக்கு வகுப்பெடுக்கும்போது சொல்லியும் இருக்கிறான். ஆனால் அந்த அறையின் மூக்கையும் வாயையும் தன் கையாலேயே அடைத்துவிட்டோம் என்பது அந்த மேதாவியின் மண்டையில் ஏறவில்லை. ஈஸ்ட் பிழைத்துவிட்டதே என்ற சந்தோசப் புளுகத்தில் திரிந்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா வேலையால் வந்து தலை தோய்ந்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். வெள்ளி தோறும் கற்பூரத் தட்டோடு வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் போய் வருவது அவள் வழக்கம். சாம்பிராணி போட்டால் ஸ்மோக் அலாரம் கத்தி ஊரைக் கூட்டும் என்பதால் கற்பூரம் மட்டும். அரிசி இருக்கிற இடமென்று கோல்ட் ரூமுக்கும் போவாள். அன்றைக்குப் போனவள் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, அந்த அறை சரியில்லை."

விதுஷன் குசினி மேசையில் கைப்பம்பைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன சரியில்லை?"

"அரிசி மூட்டைக்குக் காட்டுவமெண்டு குனிஞ்சன், கற்பூரம் நூந்து போச்சு. வெளியில வந்து கொளுத்திக்கொண்டு போனன். திருப்பியும் நூந்து போச்சு. மூண்டு தரம், தம்பி. ஆரோ கையால பொத்தின மாதிரி."

"சுவர் ஓட்டையால காத்து வரும் அக்கா. மாசிக் காத்து."

"காத்து வந்தா எனக்கேன் மூச்சு முட்டுது? தலை சுத்துது. நெஞ்சு படபடக்குது."

நியாயமான கேள்வி. அதற்கு மேல் ஒரு குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விதுஷனுக்குக் கேட்டது கேள்வி அல்ல, ஆறு வருசப் பழைய முறைப்பாடு. சாமியைக் கூட்டிக்கொண்டு வந்து தன் பியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறாள் என்று நினைத்தான். துணியைத் தூக்கி மேசையில் எறிந்தான்.

"அத்தானை மனசில வைச்சுக்கொண்டு என்ர பியரில பிழை பிடிக்காதை அக்கா. பிடிக்கேல்லையெண்டா இனி அந்த அறைக்குள்ள போகாதை. அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற நிசாந்தினி அவன் தோளில் கை வைத்தாள். அக்கா தட்டிலிருந்த கரியைப் பார்த்தாள். பிறகு கீழே போய்விட்டாள். அத்தானின் பெயரை எடுத்திருக்கக்கூடாது என்று விதுஷனுக்கும் பட்டது. காலையில் பேசிச் சமாதானம் ஆகலாம் என்று படுத்துவிட்டான். காலையில் நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, நகரின் மறுகோடியில் இருக்கும் பார்க்டேலில் ஜூலியஸின் நாற்பதாவது பிறந்தநாள். ஜூலியஸ் அவனோடு ஒன்றாக வேலை செய்கிற தமிழன், அவனுடைய பியரைச் சூடென்று சொல்லாத ஒரே மனிதன். முதலே காய்ச்சி முடித்திருந்த ஒரு பீப்பாயை வியாழக்கிழமையே கொண்டுபோய், ஜூலியஸின் அப்பார்ட்மெண்ட் அலுமாரி அறையில் தெளிய வைத்தாகிவிட்டது. விருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு. பீப்பாயைத் திறந்து மூச்சு விடவைக்க விதுஷன் மத்தியானமே போய்விட்டான். நிசாந்தினி மருந்துக்கடை வேலைக்குப் போனாள். வீட்டில் அக்கா மட்டும்.

படுத்திருந்த பீப்பாயின் வயிற்றில் உள்ள அடைப்பில், கூரான ஒரு மரக்குச்சியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். உஸ்ஸென்று நுரை கிளம்பியது. அது அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"அப்பாடி! உந்தக் காத்தெல்லாம் எங்கையடா போகும், மச்சான்?" என்றான் ஜூலியஸ். "யன்னலைத் திறக்கட்டோ?"

"உது ஒண்டுமில்லை. அடங்கப் போற பீப்பா. பொங்கிற ட்ரம் எண்டாத்தான் கனக்க வரும். வீட்டில மூண்டு நிக்குது. சுவரில ஓட்டை இருக்கிறதால..."

அதோடு அவனுக்கு வாய் நின்றுவிட்டது. சுவரில் ஓட்டை இல்லை. பஞ்சும் டேப்பும் இருக்கின்றன. காற்று வராத அறையில் கற்பூரம் மூன்று தரம் நூர்ந்திருக்கிறது. ஃபோனை எடுத்தான்.

"அக்கா, கோல்ட் ரூமுக்குள்ள போகாதை, என்ன."

"நேற்றுச் சொன்னனீதானே தம்பி. திருப்பித் திருப்பிச் சொல்லத் தேவையில்லை."

"அதில்லை அக்கா. அங்க காஸ் நிறைஞ்சு கிடக்கு. மூச்செடுக்கேலாது. அதுதான் கற்பூரம்..."

"நேற்று நான் சொல்லேக்க காத்தெண்டாய். இண்டைக்கு என்னை உள்ள விடாமலிருக்கக் காஸ் எண்டுறாய். நானென்ன சின்னப்பிள்ளையே, பேய்க்காட்டி ஏமாத்த?" அவள் குரல் உடைந்தது. "நான் அந்தாளை மனசில வைச்சுக் கதைக்கிறனெண்டு நீ நினைச்சுப்போட்டாய். சரி. உன்ர பியருக்கு இடைஞ்சலா என்ர ஒரு சாமானும் இனி அங்க இருக்காது. நீ சந்தோசமா இரு."

ஃபோன் வைபட்டது. திருப்பி அடித்தான். அவள் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு தரம் அடித்தான். அக்காவின் ரோசம் அவனுக்குத் தெரியும். கோபம் வந்தால் அரை நாளுக்கு ஃபோன் எடுக்கமாட்டாள். எப்படியும் சொல்லியாயிற்று, இனிப் போகமாட்டாள், இரவு காலில் விழுந்தாவது சமாளிக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். பீப்பாய் இன்னும் உஸ்ஸென்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை. இருபது நிமிசம் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, நுரையைத் துடைத்துத் துடைத்து, அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நுரை அடங்கியதும் பீப்பாயில் வார்க்கும் குழாயை அடித்து இறக்க இடம் போதாமல் திரும்பினான். ஜூலியஸ் அலுமாரி அறையிலிருந்து சப்பாத்துப் பெட்டிகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான்.

"இரடாப்பா, உன்ர பீப்பாவுக்கு இடைஞ்சலாக் கிடக்கிற என்ர சாமானெல்லாத்தையும் எடுத்து வெளியில வைக்கிறன்."

சுத்தியல் விதுஷனின் கையிலிருந்து விழுந்தது. ஒரு சாமானும் இனி அங்க இருக்காது என்றாளே. இல்லாமல் போவதென்றால் அவளே போய் எடுத்தால்தானே. வெங்காயச் சாக்கு எடுக்கக் குனிய வேண்டும். ஊறுகாய்ப் போத்தல் எடுக்கக் குனிய வேண்டும். இருபது கிலோ அரிசி மூட்டையைக் கீழேயிருந்து கட்டிப்பிடித்து இழுக்க வேண்டும்.

ஜக்கெட்டும் போடாமல் படிகளில் ஓடினான். காரிலிருந்து 911க்கு அடித்து வீட்டு விலாசத்தைக் கத்தினான். என்ன நடந்தது என்று கேட்ட பெண்ணுக்கு அவனால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. டி.வி.பி. நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. அக்காவின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. ரோசத்தில்தான் எடுக்கவில்லை, ரோசத்தில்தான் எடுக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். வாழ்நாளில் அவன் எதையும் அவ்வளவு ஆசையாக நம்ப முயன்றதில்லை. அக்கா, என்னோட கோவிச்சுக்கொண்டிரு. ஒரு வருசத்துக்குக் கதைக்காமலிரு. மூச்சு மட்டும் விடு.

வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டியும் அம்புலன்சும் நின்றன. முன்கதவை உடைத்திருந்தார்கள். அக்காவை ஹோலில் கிடத்தி, ஒருவர் நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தார். அவளுடைய விரல்களுக்குள் சாக்கு நூல் சிக்கியிருந்தது. விதுஷன் அவள் தலைமாட்டில் முழங்காலில் விழுந்து, "அக்கா, அக்கா" என்றான். கன நேரத்துக்குப் பிறகு, அமத்தியவர் கையை எடுத்தார். மணியைப் பார்த்து மற்றவருக்கு நேரம் சொன்னார்.

பெரிய விசிறி வைத்து பேஸ்மெண்டுக்குக் காற்று அடித்தபிறகு, ட்ரம்களில் என்ன இருக்கிறதென்று காட்ட அவனைக் கீழே கூட்டிப்போனார்கள். கோல்ட் ரூம் வாசலுக்கு வெளியே, கம்பளத்தில், பழைய பேப்பர் விரித்து எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. வெங்காயச் சாக்கு. தேங்காய்கள். ஊறுகாய்ப் போத்தல் ஐந்து. அரிசி மூட்டை மட்டும் வந்து சேரவில்லை. அது உள்ளே, படிக்குக் கீழே, பாதி வழியில் கிடந்தது. ட்ரம்கள் மூன்றும் இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன.

சுவரில் ஒட்டியிருந்த டேப்பை ஒரு தீயணைப்பு வீரர் விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்படாத, களைத்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார். தலைவலி, மயக்கம், இப்படி ஏதாவது முதலே தெரிந்ததா? இந்த அறையில் ஏதோ பிழையென்று வீட்டில் யாராவது கவனித்தார்களா?

"ஓம்," என்றான் விதுஷன் தமிழில். அவர் விளங்காமல் பார்த்தார். விதுஷனுக்கு ஆங்கிலம் வரவில்லை.

"அக்கா சொன்னவ. நேற்று எனக்கு வந்து சொன்னவ."