செய்யாமல் வைத்திருக்கும் உரிமை

அனந்தலக்ஷ்மி கண்டுபிடித்தது மீன் கெடாமல் வைக்கும் ஒரு பெட்டி. கரமனை அக்கிரகாரத்தில், முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவள் மீன் பெட்டி செய்தாள் என்பது தெருவில் கொஞ்ச நாள் வேடிக்கைப் பேச்சாக இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆற்றல் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் விஞ்ஞானி. பெட்டியின் சுவர்களுக்குள் ஒருவகை உப்புக் கரைசல் அடைத்த தகடுகள் இருக்கும். பகலில் சோலார் பேனலிலிருந்து வரும் மின்சாரம் அந்தக் கரைசலை உறைய வைக்கும். அது மெல்ல உருகிக்கொண்டே மறுநாள் சாயங்காலம் வரை உள்ளே குளிரைக் காக்கும். ஐஸ் வேண்டாம். ஐஸ் ஆலை இழுக்கும் மின்சாரமும், கரண்ட் போனால் அங்கே எரியும் டீசலும் வேண்டாம்.

முதல் சில பெட்டிகளை விழிஞ்ஞம் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்குப் பரிசோதனைக்காகக் கொடுத்தார்கள். சங்கத்தின் தலைவி நேசமணி. குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் காலையில் அவள் பெட்டியைத் திறந்து ஒரு சாளை மீனை எடுத்து அனந்தலக்ஷ்மியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மேடமே, நேத்தைக்குள்ள மீனு. கண்ணப் பாருங்க. இன்னைக்குப் பிடிச்சதுன்னு விக்கலாம். நான் விக்கல. நேத்தைக்குள்ளதுன்னு சொல்லியே விக்கேன், அப்பவும் வாங்குதாங்க."

அதற்கு முன்பெல்லாம் விற்காத மீனைச் சாயங்காலம் வந்த விலைக்குத் தள்ளுவார்கள், இல்லையென்றால் கொட்டுவார்கள். இப்போது கொட்டுவது நின்றது. ஐஸ் வாங்குவதும் நின்றது. மற்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்து பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் போனார்கள்.

காப்புரிமை கிடைத்தது. நிலையத்தின் இயக்குநர் சுந்தரராமன் அதைக் கொச்சியிலுள்ள ஒரு குளிர்சாதன நிறுவனத்துக்கு முழு உரிமமாகக் கொடுத்தார். முழு உரிமம் என்றால் அவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பெட்டியைச் செய்யக் கூடாது. "நாம பெட்டி பண்ணி விக்க முடியுமா லக்ஷ்மி? அவா பெரிய கம்பெனி. கடற்கரை முழுக்கக் கொண்டு சேர்த்துடுவா" என்றார். அவர் ஊரின் இன்னொரு அக்கிரகாரமான ஸ்ரீவராகத்துக்காரர். தன் வீட்டுப் பாஷையில் யாராவது பேசினால் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். வந்தது.

வருஷங்கள் போயின. ஒரு பெட்டிகூட வரவில்லை. நேசமணி அவ்வப்போது போன் செய்வாள். "மேடமே, பெட்டி வருமா?" அனந்தலக்ஷ்மி இயக்குநரைக் கேட்பாள். சந்தையை ஆராய்கிறார்கள் என்பார் அவர். அடுத்த வருஷம் கேட்டாலும் சந்தையைத்தான் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.

இதற்கிடையில் பரிசோதனைப் பெட்டிகளில் தகடுகள் ஒழுக ஆரம்பித்தன. விழிஞ்ஞத்தில் செல்வின் என்ற மார்த்தாண்டத்துக்காரன் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பெண்கள் பெட்டிகளை அவனிடம் கொண்டுபோனார்கள். காப்புரிமை ஆவணம் ஒன்றும் ரகசியம் இல்லை. கண்டுபிடித்ததை ஊரறிய விளக்கிச் சொல்வதற்கு ஈடாகத்தான் அரசு அந்த உரிமையையே தருகிறது. செல்வினின் மனைவி அஜிதா பி.எஸ்சி. படித்தவள். அவள் அதை இணையத்தில் எடுத்து வாசித்துக் கரைசலைக் கலந்தாள், அவன் தகடு செய்தான். பழையவை சரியானதும் பெண்கள் புதுப் பெட்டி கேட்டார்கள். அதையும் செய்தார்கள். சில மாதம் கழித்து அவர்களுக்கு நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. உடனே நிறுத்த வேண்டும், செய்ததையெல்லாம் அழிக்க வேண்டும், இல்லையென்றால் நஷ்ட ஈடு.

அந்த வாரமே சுந்தரராமன் அனந்தலக்ஷ்மியைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்கோ. சின்னக் காரியம்தான். விழிஞ்ஞத்துல ஒருத்தன் நம்ம பெட்டியைக் காப்பியடிக்கறான். அது உங்க கண்டுபிடிப்புதான்னு ஒரு அஃபிடவிட்ல நீங்க ஒப்பு இடணும், ஒரு கையெழுத்துதான்."

"கம்பெனி இதுவரைக்கும் எத்தனை பெட்டி பண்ணியிருக்கு, சார்?"

"அது அவாளோட பிசினஸ். நாம அதுல தலையிடப்படாது."

"ஒண்ணுகூடப் பண்ணலை. பண்ணினவனை மட்டும் நிறுத்தணும், அதுக்கு நான் ஒப்பு இடணுமா?"

சுந்தரராமன் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்படாதவர். "வெள்ளிக்கிழமை கோவளத்துல ஃபங்ஷன் இருக்கே. பசுமைத் தொழில்நுட்பத்துக்கு நமக்கும் கம்பெனிக்கும் சேர்த்து அவார்டு. கௌசிக் வரார். நேர்ல பேசிக்கோங்கோ, மனசு சமாதானம் ஆகும்."

கௌசிக் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர், சென்னைக்காரர். கோவளத்து ஹோட்டலில் மதிய உணவின்போது அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் தட்டில் ஒரு முழுக் கரிமீன் இருந்தது.

"உங்க ப்ராடக்ட் ரொம்ப நல்லா இருக்கு மேடம். பிரச்சினையே அதுதான்" என்றார் சிரித்துக்கொண்டு.

"புரியலை."

"இந்தக் கடற்கரையில பாதி ஐஸ் பிளான்ட்ல ஓடறது எங்க மெஷின். சர்வீஸ், ஸ்பேர் எல்லாம் நாங்கதான். இந்தப் பெட்டி வந்தா ஐஸை யார் வாங்குவா? எங்க தலையில நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்க முடியுமா?"

"அப்படின்னா எதுக்கு உரிமம் வாங்கினேள்?"

"வேற யாரும் வாங்கிடக் கூடாதுன்னுதான்."

அதை அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. வீட்டுக்குக் காற்று தடைபடக் கூடாதென்று பக்கத்து மனையை வாங்கிப் போட்டேன் என்று சொல்லும் ஒருவரின் சாதாரணக் குரல்தான். முள்ளை விரலால் பிரித்து எடுத்து, சப்பி, தட்டின் ஓரத்தில் வைத்தார். "பேட்டன்ட்னா செய்யற உரிமைன்னு எல்லாரும் நினைக்கறாங்க மேடம். இல்லை. அடுத்தவன் செய்யறதைத் தடுக்கற உரிமை. நாங்க செய்யலாம், செய்யாமலும் வச்சிருக்கலாம். நீங்க சயின்டிஸ்ட், இதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க."

அனந்தலக்ஷ்மி விழிஞ்ஞத்தில் மீன் குவியல்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவள். அங்கே ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை. இங்கே, வெள்ளை விரிப்பு போட்ட மேசையில், தயிர்சாதத்தை வாயில் வைத்தவள் அதை விழுங்க முடியாமல் கைத்துண்டில் துப்பினாள். கௌசிக் அன்பாகத் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடை. பின்னால் பூமி உருண்டையும் இரண்டு இலைகளும் வரைந்த பெரிய திரை. சுந்தரராமன் வெப்பமாகும் கடலைப் பற்றியும் ஏழை மீனவப் பெண்களைப் பற்றியும் பேசினார். நேசமணியின் புகைப்படம் திரையில் வந்தது. பெட்டியைத் திறந்து வைத்துச் சிரிக்கும் படம். கூட்டம் கைதட்டியது. அனந்தலக்ஷ்மியின் பெயரைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் செய்த ஓர் இலையைக் கையில் கொடுத்தார்கள். அவள் நேரே கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். எத்தனை சோப்பு போட்டாலும் கையில் ஒரு பிசுபிசுப்பு இருப்பதுபோலவே இருந்தது. இலையை வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறும்போது ஹோட்டல் பணியாள் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மேடம், இது மறந்து போயி." வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவள் ஒப்பு இடவில்லை. திங்கட்கிழமை அதை இயக்குநரிடம் சொன்னாள். அடுத்த வாரம் அவளை ஆய்வகத்திலிருந்து எடுத்து ஆண்டறிக்கை தயாரிக்கும் பிரிவில் போட்டார்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் அந்தப் பெட்டிதான் இருந்தது.

வஞ்சியூர்க் கோர்ட்டில் ஜெயன் என்று ஒரு வக்கீல் உண்டு. அவளுக்குப் பள்ளியில் இளையவன். அவனிடம் போனாள். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சேச்சி, இதுக்கு வழி உண்டு. பேட்டன்ட் கிடைச்சு மூணு வருஷம் கழிஞ்சும் சாதனத்தை நாட்டுல செய்யலைன்னா, ஜனங்களுக்குக் கிட்டலைன்னா, கட்டாய உரிமம் கேக்கலாம், அதாவது அவா சம்மதிக்காட்டாலும் வேறொருத்தர் செய்ய அரசே கொடுக்கற உரிமம். மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீஸ்ல. ஆனா ரொம்ப அபூர்வமாத்தான் கொடுத்திருக்கா. அதையும் சொல்லிடறேன்."

"கேக்கறது ஆரு?"

"பெட்டி வேணுங்கறவா. சங்கம் கேக்கட்டும். சேச்சி சாட்சி சொல்லணும். ஜோலி போகாம பாத்துக்கோங்கோ."

முதலில் சங்கம் நிலையத்திடமே உரிமம் கேட்டது. முழு உரிமம் கொடுத்தாகிவிட்டது, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. கட்டியது யார், கட்டிக்கொண்டது யார் என்று அனந்தலக்ஷ்மி அதை வாசித்துவிட்டு முணுமுணுத்தாள். பிறகு சங்கத்தின் பெயரில் மனு போயிற்று. அனுமதி இல்லாமல் சாட்சி சொன்னால் நடவடிக்கை என்று அவளுக்கு மெமோ வந்தது. அவள் கணவர் ராமசுப்ரமணியன் அதைப் பார்த்துவிட்டு, "ஜோலி போனா போட்டும். நீ இப்படி ஒண்ணும் சாப்பிடாம இருக்கறதைப் பாக்க முடியலை" என்றார்.

மனு போன பிறகுதான் நிறுவனத்துக்குப் பெட்டி செய்ய நேரம் கிடைத்தது. விழிஞ்ஞத்தில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, பந்தல் போட்டு, மீனவப் பெண்களுக்குப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் பெயர் பெரிதாக. கௌசிக் மைக்கில் பேசினார். எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்காமல் தருகிறோம் என்றார். நேசமணி முதல் பெட்டியை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நன்றாகவே சிரித்தாள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற அனந்தலக்ஷ்மி அதைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

பெட்டிகள் கைமாறியதும் நிறுவனத்துக்காரன் ஒருவன் ஒரு காகிதத்தை நேசமணியிடம் நீட்டினான். "சேச்சி, இங்க ஒரு ஒப்பு."

"என்னதுக்கு மக்களே?"

"கேஸ் வேண்டாம்னு. பெட்டிதான் கிட்டியாச்சே."

நேசமணி காகிதத்தைத் தொடவில்லை. "கைம்மாறு வேண்டாம்னு இப்பத்தான மைக்குல பறஞ்சிய. தர்மம் தாறவன் ஒப்பு வாங்குவானா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். "பெட்டி திரும்ப வேணும்னா எடுத்துட்டுப் போங்க. போட்டோக்காரங்களும் இங்கதான் நிக்காங்க."

கௌசிக்கின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. பெட்டிகளை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

அவற்றைச் செல்வின் கடையில் திறந்து பார்த்தபோதுதான் அசல் அசிங்கம் தெரிந்தது. சுவர்களில் பாதிக்குத்தான் தகடு. மீதி வெறும் தெர்மோகோல். முதல் நாள் வைத்த மீன் மறுநாள் காலையில் நாறியது. "பெட்டி நல்லா இல்லேன்னு நாங்களே சொல்லணும், அதுக்குத்தான் தந்திருக்கான்" என்றாள் அஜிதா. அனந்தலக்ஷ்மி அந்தத் தெர்மோகோலைக் கையில் எடுத்து விண்டு பார்த்தாள். தன் பெயரைப் போட்டு யாரோ ஊரெல்லாம் கெட்ட உணவு பரிமாறியதுபோல அவளுக்கு உடம்பு கூசியது.

சென்னையில் விசாரணை நடந்தது. விழிஞ்ஞத்துப் போட்டோக்களைக் காட்டி, பெட்டியைச் செய்துகொண்டுதானே இருக்கிறோம் என்று நிறுவனத்தின் வக்கீல் வாதாடினார். பிறகு அனந்தலக்ஷ்மியிடம் திரும்பினார். "இந்தக் கண்டுபிடிப்புக்காகக் கோவளத்தில் விருது வாங்கியது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"இந்தப் படத்தில் இருப்பது உங்கள் பெட்டிதானே?"

"இல்லை. அது என் பெட்டியோட ஓடு. உள்ளே இருக்க வேண்டியதில் பாதி இல்லை." பிரித்த பெட்டியின் படங்களை எடுத்து வைத்தாள். கோவளத்தில் கௌசிக் சொன்னதையும் சொன்னாள். வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். விசாரித்த அதிகாரி எதையும் காட்டிக்கொள்ளாமல் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு வரவில்லை. வருவதற்கு முன்பே நிறுவனம் ஜெயனிடம் ஆள் அனுப்பியது. சங்கத்துக்கு உரிமம் தருகிறோம், செல்வின் செய்யலாம், மனுவை வாபஸ் வாங்குங்கள். ஒரு நிபந்தனை. உரிமம் திருவனந்தபுரம் ஜில்லாவுக்கு மட்டும்.

"கட்டாய உரிமம்னு ஒரு தீர்ப்பு வந்துட்டா எல்லா ஊர்லேந்தும் கேப்பா. அந்தப் பயம்" என்றான் ஜெயன். "தீர்ப்புக்குக் காத்திருந்தா அப்பீல் போவா. இன்னும் வருஷங்கள் ஆகும். எடுத்துக்கறதுதான் புத்தி."

நேசமணிக்கு அது பிடிக்கவில்லை. அவள் தங்கை குளச்சலில் மீன் விற்கிறாள். "பஸ்ஸு ஏறினா மத்தியானம் சோத்துக்குப் போய்ச் சேருற ஊரு. ஜில்லா தாண்டினா மீனு கெடாதாமா?" ஆனால் சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி, கிடைத்ததை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல அனந்தலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை. செல்வின் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். இப்போது விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் நிறைய பெட்டிகள் ஓடுகின்றன.

அடுத்த மாதம் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. காலநிலைக்காகத் தன் காப்புரிமையை ஏழைகளுக்குத் திறந்துவிட்ட நிறுவனம். கௌசிக்கும் சுந்தரராமனும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராமசுப்ரமணியன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போடப் போனார். அவள் தடுத்தாள். "இருக்கட்டும். ஏழைகளுக்குன்னு அவாளே எழுதியிருக்கா. எந்த ஜில்லான்னு எழுதலை. ஜெயனுக்கு உபயோகப்படும்."

நேசமணியின் தங்கை குளச்சல் பெண்கள் சிலரோடு கரமனைக்கு வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அவர்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அனந்தலக்ஷ்மி அவர்கள் எதிரிலேயே ஜெயனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஜெயன் கேட்டான்: "சேச்சி, இந்தக் கடற்கரையில எத்தனை ஜில்லா உண்டுன்னு தெரியுமோ?"

"தெரியும்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "நீ குளச்சல்லேர்ந்து தொடங்கு."