இருபத்தைந்தின் கண்டம்

அல்மாட்டியில் எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரமாக ஒரே சண்டை: ஜாவா நிரல்மொழியின் 21-ஆம் பதிப்பிலேயே இருப்பதா, 25-க்கு மாறுவதா? இரண்டுமே நிலையான பதிப்புகள்தான். ஆனால் 25-க்குப் போனால், எட்டு வருடம் முன்பு நான் ஆசை ஆசையாக எழுதிய தேடல் நிரல் ஓடாது. அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

"இருபத்தஞ்சு வேணாம். அது முஷெல் வயசு, பெரிய கண்டம்," என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆபத்தான வயதைக் கசாக்குகள் நாங்கள் முஷெல் என்போம்.

உடன் வேலை செய்யும் அக்மரால் சிரித்தாள்.

"முஷெல் வந்தா அந்த வயசைத் தாண்டிக் குதிச்சா போறோம், எர்போலாத் அண்ணே? ரொம்பப் பிடிச்ச பொருளை யாருக்காவது குடுத்துட்டுத்தானே கடக்கிறோம்?"

"இங்க குடுக்க என்ன இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் என் தேடல் நிரல் திறந்திருந்தது.

"மனசாரக் குடுக்கணும். நீங்களே அழிச்சிடுங்க."