ஏழாவது வரிசைச் சண்டை

"அந்தத் தெர்மாஸ இப்படிக் குடு."

"குடுத்தா கவுத்துடுவ. போன மாட்ச்ல மிலோஷ் முதுகுல ஊத்தினது யாரு?"

"நீ கையத் தட்டிவிட்ட—"

"நான் எங்க தட்டினேன்? நம்ம கோல்கீப்பர் தூங்கிட்டிருந்தான், அவன எழுப்பறதுக்கு—"

"அவன் தூங்கினா எம் முழங்கைய எதுக்கு இடிக்கிற? வீட்டுலயும் இதே—"

"எந்த வீட்டுல? நீதான் வீட்டுலயே இல்லையே!" என்றான் ஓட்டகர்.

"அப்படித்தான்! இன்னும் சத்தமா!" முரசடிக்கும் மிலோஷ் முன்வரிசையிலிருந்து திரும்பிக் கத்தினான். "மேல இருக்கவங்களுக்குக் கேக்கவே இல்ல!"

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் ஒருவன் எதிரியிடமிருந்து பக்கை, அந்த ரப்பர் வில்லையை, மட்டையால் பறித்துக்கொண்டு பனித்தரையில் சறுக்கி ஓடினான். ஏழாவது வரிசை முழுவதும் ஓட்டகரையும் லிபுஷேயையும் நன்றியோடு பார்த்தது.

அடுத்தடுத்த இருக்கை அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து சீசன் டிக்கெட். நான் எட்டாவது வரிசை. அவர்கள் பிடரியைப் பார்த்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன்.

போன இலையுதிர்காலம் முழுக்க எங்கள் ஐஸ் ஹாக்கி அணி, ஹாவ்ரனோவ் அண்டங்காக்கைகள், தோற்றுக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளரை மாற்றினார்கள். கோல்கீப்பரை மாற்றினார்கள். மிலோஷ் முரசின் தோலை மாற்றினான். ஒன்றும் அசையவில்லை. நவம்பரில் ஒரு நாள், ஆட்டத்தின் நடுவே, தங்கள் காட்டுக் குடிலின் சாவியை வரும் கோடை முழுக்கத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாக ஓட்டகர் வாய்தவறிச் சொன்னான். லிபுஷே கழுத்துத் துண்டை அவிழ்த்து அவன் முகத்தில் எறிந்துவிட்டு, நேரே தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அவள் அரங்கத்தின் வாசல் படியைத் தாண்டும்போது நாங்கள் கோல் போட்டோம். அன்று ஜெயித்தோம். அவள் அக்கா வீட்டிலேயே இருந்தாள், அடுத்ததையும் ஜெயித்தோம். அதற்கடுத்ததையும்.

கிறிஸ்துமஸுக்கு ஓட்டகர் வறுத்த கெண்டை மீனோடு அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். சமாதானமாகிவிட்டது. மறுநாள் ஆட்டத்துக்கு இருவரும் கைகோர்த்துக்கொண்டு வந்தார்கள். ஆறுக்குப் பூஜ்யம். ஆறு எதிரணிக்கு.

ஆட்டம் முடிந்ததும் மிலோஷ் வந்தான், இரண்டு கையிலும் கடுகு தடவிய சாசேஜோடு.

"அண்ணே, அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஒண்ணா இருக்கறது எனக்கும் சந்தோஷந்தான். ஆனா ஸ்கோரப் பாத்தீங்கல்ல?"

"இங்க வந்து சண்டை போடற மாதிரி நடிச்சாப் போதாதா?" என்றாள் லிபுஷே.

"நடிச்சா ஐஸுக்குத் தெரிஞ்சிடும் அண்ணி. நீங்க நெஜமாவே அக்கா வீட்டுல இருக்கணும்."

லிபுஷே புருஷனைப் பார்த்தாள். ஓட்டகர் சாசேஜை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினான்.

"சீசன் முடியற வரைக்குந்தானே?" என்றான்.

அப்படியாக மார்ச் வந்தது. காலிறுதி. ஏழு ஆட்டத்தில் எதிரணி லிப்னோவ் மூன்று ஜெயித்தது, நாங்கள் மூன்று. இன்று கடைசி ஆட்டம். மூன்று பகுதியும் ஆடி முடித்து இரண்டுக்கு இரண்டு. இனி யார் முதலில் கோல் போட்டாலும் அதோடு கதை முடிந்தது. இடைவேளையில் தேநீர் வரிசையில் லிபுஷே எனக்கு முன்னால் நின்றாள்.

"எங்க அக்கா சோபாவுல ஒரு கம்பி துருத்திட்டிருக்கு, போஷேனாக்கா. இத்தன மாசமா அதோடதான் குடித்தனம்."

"தோத்துட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாமே?"

"போயிடலாம்."

"அப்ப இன்னைக்கு யாரு ஜெயிக்கணும்?"

"இதென்ன கேள்வி? நாமதான்." ரம் ஊற்றிய தேநீரை ஊதிக் குடித்தாள். "ஓட்டகரும் இதைத்தான் சொல்வான்னு தெரியும். ஆனா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சொல்லலாம்ல?"

மறுபடி ஆட்டம் தொடங்கியது. தொடங்கிய சூட்டோடு எங்கள் ஆள் ஒருவன் எதிரியின் காலை வாரிவிட்டு, இரண்டு நிமிஷம் ஆடக்கூடாது என்று தண்டனைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான். லிப்னோவ் எங்கள் கோலைச் சுற்றி மொய்த்தது. முரசு நின்றுவிட்டது.

"அண்ணி!" மிலோஷின் குரல் கிட்டத்தட்ட அழுதது. "ஏதாச்சும் சொல்லுங்க அண்ணி!"

லிபுஷே அவனைப் பார்க்கவில்லை.

"ஓட்டகர், தோத்தா இன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போவியா?"

"இப்பப் போய் தோக்கற பேச்சு பேசறியே!"

"சரி, ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அரையிறுதி. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோ."

"ரெண்டு வாரமா? அவ்வளவு சுலபமா வருதா வாயில?"

"சோபாதானே லிபுஷே, என்னமோ ஜெயில்ல போட்ட மாதிரி—"

"படுத்துப் பாத்தியா நீ? ஒரு நாள், ஒரு ராத்திரி, 'வாடி போலாம், கப்பாவது மண்ணாவது'ன்னு வந்து நிப்பேன்னு பாத்தேன். அப்ப நானே 'போய்யா, மாட்ச் இருக்கு'ன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். அதுக்காவது நீ வந்திருக்கணும்."

இது முரசுக்காகப் போட்ட சண்டை இல்லை. குரல் எழும்பவே இல்லை. பின்னால் இருந்த எனக்கே காதைக் கொடுத்தால்தான் கேட்டது. ஓட்டகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தண்டனை முடிந்து எங்கள் ஆள் பெட்டியிலிருந்து வெளியே குதித்தான். சிதறி வந்த பக் அவன் மட்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னால் ஒருவருமில்லை, அவர்கள் கோல்கீப்பரைத் தவிர.

வலை குலுங்கியது.

அதன் பிறகு யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. என்னை ஒரு போலீஸ்காரர் கட்டிக்கொண்டார். மிலோஷ் முரசின் மேலேயே ஏறி நின்றான். ஓட்டகர் கண்ணில் நீரோடு லிபுஷே பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தான்.

"ஐயோ அண்ணே, தொடாதீங்க!" என்று மேலிருந்து அலறினான் மிலோஷ். "அரையிறுதி இருக்கு!"

விரித்த கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓட்டகர் அப்படியே திரும்பி மிலோஷின் காலைக் கட்டிக்கொண்டான்.

லிபுஷே கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டாள். தெர்மாஸை எடுத்து அவன் இருக்கையில் வைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஜெயித்தது அவளுடைய அணியும்தானே.

"ஓட்டகர், ஒருவேளை கப்பையே ஜெயிச்சுட்டோம்னா, அடுத்த சீசனுக்கு நான் எங்க படுக்கறது?"