ஒழுகாத வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. பல் டாக்டரைப் பார்க்கப் போனபோது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் விலாசம் கேட்டுக்கொண்டார், ஆள் கிளம்பியாச்சு என்றார். போனை வைக்கவில்லை.

"எவ்வளவு நேரமா சார் மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

"பதினோரு நிமிஷம்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்றதுக்கு ஒண்ணு கிடைச்சுதே."

அந்தக் குரலில் கேலி இல்லை. நான் சத்தியம் பண்ணுவேன், அது பொறாமை. என்னுடைய பதினோரு நிமிஷத்தைப் பார்த்து ஒரு மனுஷன் வயிறெரிகிறான் என்றால் அவனுக்கு என்னதான் குறை? ஒரு குறையும் இல்லாததுதான் குறை என்று முடிவு கட்டினேன். கதவு திறப்பதற்குள் பாதிக் கதை தயார். இதற்குக் கீழே வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சரியாக மதியம் ஒரு மணிக்கு, சர்வீஸ் பிரிவின் கதவு—" (வேண்டாம். மணி பார்த்துத் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

"மனிதத் துயரம் என்பது பகிரப்படுகிறபோது—" (இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.)

மூன்றாவது இது, நிற்கட்டும்: அவரை எல்லோரும் ராசிக்காரர் என்று கூப்பிட்டார்கள்; அது பாராட்டு இல்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போன்களை எடுப்பது அவர் வேலை. மற்ற நான்கு பேரில் மூவர் வெளியே அலைந்து சீரழிகிறவர்கள், ஒருவர் ஸ்டோரில். அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. டப்பாவைத் திறக்குமுன் ஆளுக்கொரு நொந்த கதை சொல்ல வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும்; சாவு, கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் செல்லாது. கேட்கிறவர்கள் யோசனை சொல்லக் கூடாது, "அடப்பாவமே" என்று மட்டும் சொல்லலாம். சட்டம் போட்டவர் உதிரி பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா.

"பதினாலு மாடி நடந்து ஏறினேன். மேல போனா, மெயின் ஸ்விட்சைப் போட மறந்துட்டோம் தம்பிங்கறாங்க," என்பார் மோட்டார். மோட்டார் வேலை பார்ப்பதால் வந்த பெயர்.

அடப்பாவமே.

"புது அடையாள அட்டை வந்துச்சு. போட்டோல கண்ணை மூடிட்டிருக்கேன். அஞ்சு வருஷத்துக்குத் தூங்கணும்," என்பார் ஸ்டோர் அக்கா.

அடப்பாவமே.

ராசிக்காரர் முறை வரும். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க." சேர்ந்த நாள் முதலாக, எட்டு மாதமாக, இதே பதில். அவருக்கு நாற்காலி, மின்விசிறி, ஒரு போன். வீட்டில் மனைவி, அமைதி. "உங்களுக்கென்ன அண்ணே," என்பார் மோட்டார். அதைக் கேட்டதும் அவருக்குச் சோறு இறங்காது. நாளடைவில் அவர் வந்து உட்கார்ந்தாலே பேச்சுக் குறைந்தது. முகம் தெரியாத நூறு பேர் தினம் குறை சொல்கிறார்கள், முகம் தெரிந்த நாலு பேர் தன் எதிரில் வாயை மூடிக்கொள்கிறார்களே என்று மனசு விட்டுப்போயிற்று அவருக்கு. அந்த மேசையில் தனக்கும் ஓர் இடம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

3

ஆகவே பொய் சொன்னார்.

"சமையலறை ஒழுகுது," என்றார் ஒரு திங்கட்கிழமை. "மேல் வீட்டுக்காரர் பாத்ரூம் தண்ணி."

நான்கு அடப்பாவமே வந்தது. மோட்டார் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? செவ்வாய்க்கிழமை வாளி வைத்தார். புதன்கிழமை வாளி நிறைந்து மெத்தை நனைந்தது. வியாழக்கிழமை மேல் வீட்டுக்காரரே வாய் திறந்துவிட்டார்: "தண்ணின்னா கீழதான்யா போகும். வேணும்னா நீங்க மாடிக்குக் குடி வாங்க." மேசையே கொதித்தது. ஸ்டோர் அக்கா அந்த ஆளுக்கு ஒரு வசவு வைத்தார், அதை இங்கே எழுத முடியாது.

(பக்கக் குறிப்பு: எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நாலு நாளில் இவர் உண்டாக்கிய அந்த மேல் வீட்டுக்காரர், நான் இருபது வருஷமாக எழுதிய எவரையும்விட உயிரோடு இருக்கிறார். பாத்திரம் எழுத்தாளனைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் எழுத்தாளன் என்ன செய்வது? சும்மா இருப்பதுதான்.)

4

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் ஏணி, சிமெண்ட், கரண்டியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். யோசனைதானே சொல்லக் கூடாது, வேலை செய்யக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே. ராசிக்காரர் வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே மனைவி.

மோட்டார் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு துணிக்கொடி, இரண்டு தலையணை உறை, அதற்கப்புறம் வானம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது என் தப்பு. அந்த வீட்டுக்கு மாடி கிடையாது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவைத்திருந்தேன். மேல் வீட்டுக்காரரை எழுதும்போது சுத்தமாக மறந்துவிட்டேன். ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். என் தப்பை அவர் தலையில் கட்டுவது அநியாயம்தான். ஆனால் பொய் சொல்லும் அவசரத்தில் தன் வீட்டுக்கு மாடி இல்லை என்பதையே மறந்துபோன மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மேல் வீடு எங்க அண்ணே?" என்றார் மோட்டார்.

ராசிக்காரரும் அண்ணாந்து பார்த்தார்.

"எந்த மேல் வீடு?" என்றாள் மனைவி.

ஸ்டோர் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வாளி, மெத்தை, அந்த ஆளின் திமிர், ஒன்று விடாமல். மனைவி முழுக்கக் கேட்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

5

மாட்டிக்கொண்டேன். இவளுக்கு நான் வைத்திருந்தது "மனைவி, அமைதி" என்ற இரண்டே வார்த்தை. இப்போது எல்லோரும் இவள் வாயைப் பார்க்கிறார்கள்.

"ஆமாங்க, மாடியைப் போன வாரம்தான் இடிச்சாங்க" என்று அவளைச் சொல்ல வைத்தேன். சிரிப்பு வந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே— (இதுவும் வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

"உள்ள வாங்க," என்றாள். "ஒழுகல் இல்ல. சொல்றதுக்கு வேற இருக்கு."

உட்கார்ந்தார்கள்.

"சமையலறைக் குழாய்த் திருகு கழண்டு எட்டு மாசம். குறடு வச்சுத்தான் திறக்கிறேன்."

அடப்பாவமே என்றார்கள் நாலு பேரும், பழக்கதோஷத்தில்.

"போன மாசம் புதுச் செருப்பு, முதல் நாளே வார் அறுந்துபோச்சு. பஸ்ல வெறுங்காலோட வந்தேன். ஒருத்தர் மிதிச்சுட்டு, என்னைத் திட்டினார்."

அடப்பாவமே.

"வேலை செய்யற மருந்துக் கடையில என்னை முன் கவுண்டர்லேர்ந்து உள்ள அனுப்பிட்டாங்க. முகத்துல சிரிப்பு இல்லையாம்."

இதற்கு ஸ்டோர் அக்கா மட்டும்தான் சொன்னார், மெதுவாக.

ராசிக்காரருக்கு ஒவ்வொன்றும் புதுசு. "இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேனே. நீங்க வேலையில சேர்ந்த மூணாம் நாள், குழாய்த் திருகு கழண்ட அன்னிக்கு. 'நாள் பூரா கம்ப்ளெயிண்ட், வீட்டுக்கு வந்தா இங்கயும் கம்ப்ளெயிண்டா'ன்னீங்க. அதோட விட்டுட்டேன்."

யாரும் அடப்பாவமே என்று சொல்லவில்லை. இது சின்னதா பெரிசா என்று அந்த மேசைக்காரர்களுக்குத் தெரியவில்லை. ராசிக்காரருக்குத் தெரிந்தது. தன் ராசி முழுக்க இவள் வாயை மூடிக்கொண்டதால் வந்தது. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

6

அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் மோட்டார் அவர் தோளைத் தட்டினார். "நாளைக்குச் சீக்கிரம் வாங்க அண்ணே, இடம் போட்டு வைக்கிறேன்." கேட்டது கிடைத்துவிட்டது. இங்கேயே முடித்திருக்கலாம்.

வேறு இரண்டு முடிவும் எழுதினேன். ஒன்றில் அவர் அன்றைக்கே குழாயைச் சரிசெய்கிறார். மூன்று பக்கம், நன்றாகவே வந்தது, கிழித்துவிட்டேன். குழாய் சரியாகும், அவள் சொன்னதை அவர் கேட்டதாக ஆகாது. இன்னொன்றில் திங்கட்கிழமை மேசையில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார். அதைப் படித்தபோது எனக்கே அவரை அறையலாம் போலிருந்தது. அவள் கஷ்டம், இவர் சரக்கா?

(என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டில் இப்போது இரண்டு பேர். அவள் அடுப்படி வாசலில் நிற்கிறாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்கிறாள். "அவங்க முன்னாடி சொல்ல வேண்டாம்னு விட்டேன்."

அது என்ன என்று எனக்குத் தெரியும், அவளை எழுதினவன் நான். உங்களிடம் சொல்ல மாட்டேன். அவர் கேட்பதற்கு முன்னால் இன்னொரு முறை வெளியாள் காதில் விழ வேண்டாம்.

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். சொல்கிறார்:

"                    "

அந்த இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் வழக்கமாக என்ன சொல்வீர்களோ அதைப் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். எட்டு மாசம் பொறுத்தவள் இன்னும் ஒரு நிமிஷம் பொறுப்பாள், அதற்கு மேல் நான் உத்தரவாதம் தர முடியாது.