துடைப்பம் இழுத்த தரை

கான்கிரீட் தரை போட்டுத் தரும் டுவேன் குழாயைத் திறந்து, தன் கடை முற்றத்தில் வரிசையாகப் பதித்திருந்த ஏழு கான்கிரீட் பலகைகளையும் சொட்டச் சொட்ட நனைத்தார். பிறகு டோரினைப் பார்த்து, "ஷூவைக் கழட்டுங்க" என்றார். மே மாதம்தான். ஆனாலும் ஏரிக்கரைக் குளிர் ஊரான டொலீடோவில் மே மாதக் காலை என்பது வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற காலை அல்ல. டோரினுக்கு வயது அறுபத்திரண்டு.

"எல்லாரும் கண்ணால தேர்ந்தெடுக்கிறாங்க" என்றார் டுவேன். "தரை என்ன சுவத்துல மாட்டுற படமா? கால்தான் சொல்லணும். நான் கண்ணை நம்பித் தேர்ந்தெடுத்தது என் ரெண்டாவது பொண்டாட்டிய மட்டும்தான். பட்டது போதும்."

டோரின் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரிக்கலாமா என்று ஒரு கூச்சம் வந்தது. கணவன் லெனார்ட் செத்து இன்னும் நான்கு மாதம்கூட ஆகவில்லை.

முதல் பலகையில் காலை வைத்தாள். கருங்கல் பாளம் பாளமாகப் பாவியது போல அச்சு வைத்து, மேலே மினுக்குப் பூச்சு பூசிய தரை. அவள் வீட்டுப் பின்முற்றத்தில் இருப்பதும் அதே தரைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் லெனார்ட் ஆசைப்பட்டுப் போட்டது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு முழங்காலுக்கு மட்டும் தலையணை வைத்துக்கொண்டு மறுபூச்சு பூசுவார். வழுக்காமல் இருக்க ஒரு பொடியைக் கலந்து பூசச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருக்கும். மனுஷன் கலக்க மாட்டார். "பொடி போட்டா மங்கிடும்டி. கண்ணாடி மாதிரி இருக்க வேணாமா?" என்பார். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் உறைபனி படிந்த காலையில், பறவைகளுக்குத் தீவனம் போடப் போனவர் அதில் மல்லாக்க விழுந்தார்.

"உடனே போயிட்டார்டி. ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படலை" என்றுதான் மகள் கெல்சியிடம் சொல்லியிருந்தாள். சாவு வீட்டில் சொல்கிற பொய்க்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் நடந்தது வேறு. விழுந்தவர் எழ முடியாமல், பதினைந்தடி தூரம் தவழ்ந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்திருக்கிறார். கையிலிருந்த, தீவனம் அள்ளுகிற தகரக் கரண்டியால் கதவைத் தட்டியிருக்கிறார். மூன்று தட்டு. உள்ளே சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டோரினுக்கு அது கேட்டது. மேப்பிள் மரத்து மரங்கொத்தி என்று நினைத்தாள். "பாழாப்போன குருவி" என்று திட்டிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையுறை தெரிந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கெல்சி சவ அடக்கத்துக்கு வந்துவிட்டு கிளீவ்லாந்துக்குப் போனவள்தான். இரண்டு மணி நேரப் பயணம். "அந்தத் தரை இருக்கிற வரைக்கும் என்னால அங்க வர முடியாதும்மா" என்று போனில் அழுதாள். ஒரே மகள். அவளும் வராவிட்டால் டோரினுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் தரையை மாற்ற வந்திருந்தாள்.

நனைந்த அந்த முதல் பலகையில் கால் வழுக்கவில்லை. ஆனால் கீழேயிருந்து யாரோ உள்ளங்காலில் விரல் வைத்தது போல ஒரு சில்லிப்பு ஏறியது. சட்டென்று இறங்கிவிட்டாள். மரப்பலகை அச்சு பிடிக்கவில்லை. கூழாங்கல் தெரியும் தரை காலைக் குத்தியது. கடைசிப் பலகைதான் துடைப்பம் இழுத்தது. ஈரக் கான்கிரீட்டின் மேல் அகலத் துடைப்பத்தை ஒரே வீச்சில் இழுத்து, நெருக்கமாகக் கோடு போட்ட தரை. அழகு என்று ஒன்றும் இல்லை. ஆனால் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"இதுதான்" என்றாள். ஈரமணல் நிறத்தைச் சேர்க்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் பழைய தரையை உடைத்து அள்ளிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் புதுக் கான்கிரீட் ஊற்றி, டுவேனே துடைப்பம் இழுத்தார். போகும்போது விரலை நீட்டி எச்சரித்தார். "நிறம் போட்ட கான்கிரீட்டு. மருந்து தெளிச்சிருக்கேன், அதுவே காயும். மழை வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. என்ன ஆனாலும் பிளாஸ்டிக் மட்டும் போட்டு மூடாதீங்க."

சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டோரின் போன் செய்தாள். டுவேன் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். முதல் தூறல் மூக்கில் விழுந்ததும் பதறிப் போய், கார் கொட்டகையில் லெனார்ட் மடித்து வைத்திருந்த பெயின்ட் அடிக்கிற பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து வந்து மூடி, ஓரத்தில் செங்கல் வைத்தாள். கண்ணெதிரே கெட்டுப்போக விட யாருக்குத்தான் மனசு வரும்? காலையில் எடுத்தாள். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, தரை வெளுக்க வெளுக்க, கறை எழுந்தது. பறவைத் தீவனக் கம்பத்துக்குக் கீழே ஒரு பெரிய கருமை. அங்கிருந்து கதவை நோக்கி, வலது பக்கம் வட்டம் வட்டமாகச் சிறுகறைகள். இடது பக்கம் வட்டம் இல்லை. நீளமாக ஒரே இழுப்பு. கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. டோரின் அப்படியே கதவுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டுவேன் வந்து பார்த்தார். "மூடினீங்க, இல்ல? பிளாஸ்டிக் ஒட்டுன இடம் கறுக்கும், சுருங்கித் தூக்குன இடம் வெளுக்கும். நூறு வீட்டுல பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல, ஒரு வருஷத்துல மங்கிடும்."

"வேற எதுவும் தோணலையா உங்களுக்கு?"

"வேற என்ன?" என்றார். ஆனால் திரும்பிப் போகும்போது அந்தக் கறைகளை மிதிக்காமல் புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முழுக்க வினிகரும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஓரங்கள் இன்னும் தெளிவானதுதான் மிச்சம். கடைசியில் பெரிய பாயை வாங்கி வந்து மேலே விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கெல்சி வருகிறாள்.

வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, மேசையில் சுட்டு வைத்திருந்த ருபார்ப் இனிப்புப் பலகாரத்தைப் பார்த்து, "எனக்காகவா?" என்று கேட்டாள். டோரின் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். காபியை வெளியே போய்க் குடிக்கலாம் என்று கெல்சியேதான் சொன்னாள். கதவைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள், பிறகு தாண்டிவிட்டாள்.

"புதுத் தரையைக் காட்டுன்னா பாயை விரிச்சு வச்சிருக்கே?" என்று குனிந்து சுருட்டினாள்.

"விடுடி. பிளாஸ்டிக் போட்டுக் கறையாயிடுச்சு. ஒரு வருஷத்துல மங்கிடும்னு தரை போட்ட டுவேன் சொன்னார்."

கெல்சி சிரித்தாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா மூடாதேன்னு நானே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பாய் கையிலேயே இருந்தது. கம்பத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வலது பக்கத்து வட்டங்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காலை வைத்து மெதுவாக நடந்து வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது."

"கெல்சி, அது பிளாஸ்டிக்..."

"ஆபரேஷனுக்கு அப்புறம் மடங்கவே மடங்காது. இழுத்துத்தான் போவார்."

இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. கறை காலடியில் இருந்தது. டோரின் சொல்லிவிட்டாள். தவழ்ந்ததை, மூன்று தட்டை, மரங்கொத்தியை, ரேடியோவை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, மகள் கத்துவாள் என்று நின்றாள். கத்தியிருந்தால் தேவலை.

"எங்க நின்னுட்டிருந்தே?" என்றாள் கெல்சி.

"சிங்க்கிட்ட."

"தண்ணி தொறந்திருந்துச்சா?"

"ஆமா."

"போம்மா. அங்க போய் நில்லு. ரேடியோவைப் போட்டுத் தண்ணியைத் தொற. கதவைச் சாத்து."

"வேணாம்டி. என் கண்ணுல்ல, வேணாம்."

"உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியணும். திரும்பிப் பார்க்காதே."

கெல்சி காபித் தட்டிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கி நடந்தாள். டோரின் உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்தினாள். ரேடியோவில் எவனோ சோயா மொச்சை விதைப்பைப் பற்றி அலுக்காமல் பேசிக்கொண்டிருந்தான். குழாயைத் திறந்து, கழுவின தட்டையே எடுத்து மறுபடி தண்ணீரில் காட்டினாள். முதுகுக்குப் பின்னால், வெளியே, அந்தத் தரையில் ஒருவர் தவழ எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தால் போதும், ஈ பறந்தாலும் கேட்கும். குறைக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சை அடக்கிக்கொண்டு, டோரின் காதைக் கொடுத்து நின்றாள்.