இரண்டாக அறுத்த சோபா

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, தெஹ்ரானில் கரீம்கான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாந்தானா தஃப்ரெஷியின் ‘விருந்தினர் அறை’ கலைக் கண்காட்சி திறக்கப்பட்டது.

கூடத்தின் நடுவில் ஒரு சோபா. செதுக்கிய மரச்சட்டத்தில் பொன் வண்ணம், சிவப்பு வெல்வெட். சரியாக நடுவில் அறுக்கப்பட்டு, இரண்டு பாதிகளும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. அறுத்த இடத்தில் சுருள்கம்பிகளும் பஞ்சும் தெரிந்தன. சுவரில் இருந்த அட்டை சொன்னது: ‘எங்கள் வீட்டுச் சோபா. வீட்டிலேயே நல்ல அறையில், வீட்டார் யாரும் உட்காராமல், வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தோம்.’

உண்மையில் அது மாந்தானாவின் வீட்டுச் சோபா அல்ல. அவள் அக்கா அஃப்ஸருடையது.

கோடையின் கடைசியில் நார்மக்கில் உள்ள அக்கா வீட்டுக்கு மாந்தானா போயிருந்தாள். விருந்தினர் அறைக் கதவைத் தானே திறந்து, துணியை விலக்கிப் பார்த்தாள்.

“அக்கா, இது இவ்வளவு அழகா இருக்கும்னு மறந்தே போச்சு.”

“உனக்கு இல்லாததா? எடுத்துட்டுப் போ. உன்னோடதுதான்.”

ஒரு பொருளைப் புகழ்ந்தால் இதைச் சொல்லியாக வேண்டும். டாக்ஸியில் கூலியை நீட்டினால் ஓட்டுநரும் ‘உங்களுக்கு இல்லாததா’ என்றுதான் சொல்வார். அதற்காக யாரும் கூலியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவதில்லை.

“ஐயோ, வேண்டாங்க்கா.”

“சும்மா தூசிதானே தின்னுட்டு இருக்கு. உங்க மாமா ஆசையா வாங்கிப் போட்டாரு, ஒரு நாள்கூட சாஞ்சு உட்காரலை. கடைசியா அவருக்குத் துக்கம் கேட்க வந்தவங்கதான் உட்கார்ந்தாங்க.”

“இல்லைக்கா, வீட்டுக்கு வேணுமே.”

“உன்னைவிடவா எனக்குச் சோபா பெரிசு? எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ.”

அக்காவின் மகள் யல்தா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “சித்தி, அப்படியே பிரிட்ஜையும் ஏத்திக்கோங்க. கேட்டா அம்மா அதையும் குடுத்துடுவாங்க.”

“வாயை மூடுடி,” என்றாள் அஃப்ஸர், சிரித்துக்கொண்டே.

மூன்றாம் முறை மாந்தானா சொல்ல வேண்டியது என்னவென்று மாந்தானாவுக்கும் தெரியும், அஃப்ஸருக்கும் தெரியும். ‘இங்கேயே இருக்கட்டும்க்கா, யல்தா கல்யாணத்துக்கு இதுல உட்கார்ந்து இனிப்பு சாப்பிடணும்’ என்று சொல்லி, துணியை இழுத்து மூடிவிட வேண்டும்.

“சரிக்கா. நாளைக்கு வண்டி அனுப்புறேன்,” என்றாள் மாந்தானா.

அஃப்ஸரின் கை துணியின் மேல் அப்படியே நின்றது. “அனுப்பு, அனுப்பு,” என்றாள்.

தேநீர் ஊற்றும்போது வேறு பேச்சுப்போல ஒன்றைச் சொன்னாள். “சஃபர் துக்க மாசம் முடிஞ்சதும் யல்தாவைப் பெண் பார்க்க வர்றதா சொல்லியிருக்காங்க. பையன் பல் டாக்டர். நல்ல குடும்பம், கொஞ்சம் வசதியானவங்க.”

“நல்ல செய்திக்கா,” என்றாள் மாந்தானா. கல்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அஃப்ஸர் போன் செய்தாள். “சோபாவை வைக்கப்போற கண்காட்சி எப்போம்மா முடியுது?”

“அக்டோபர் இருபத்தஞ்சுக்கா.”

“அப்போ சஃபருக்குள்ளயே முடிஞ்சிடும். நல்லது, நல்லது.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை, மாந்தானாவும் சொல்லவில்லை. தச்சர் ரம்பத்தோடு வந்தது அதற்கடுத்த வாரம்தான்.

திறப்பு நாளில் அஃப்ஸர் தன் நல்ல நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு வந்தாள். பின்னால் யல்தா. அப்போது மாந்தானா ஒரு பத்திரிகையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். “நாங்க பின்னறையில நெருக்கியடிச்சுத் தூங்குவோம். இது மட்டும் ராஜா மாதிரி தனி அறையில இருக்கும். இதை அறுத்தப்போதான் எனக்கு மூச்சே வந்தது.”

அஃப்ஸர் சோபாவின் முன் நின்றாள். பிறகு பூங்கொத்தை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, வெல்வெட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டிவிட்டாள்.

“அம்மா, தொடாதீங்க. அது கலைப்பொருள்,” என்றாள் கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இளம்பெண்.

“மன்னிச்சுக்கோம்மா. தெரியாம தொட்டுட்டேன்.” அஃப்ஸர் கையை மேலங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாந்தானா அதைப் பார்த்தாள், கேட்டாள். ‘தொடட்டும், அவங்களோடதுதான்’ என்று சொன்னால் போதும். சுவரில் ‘எங்கள் வீட்டுச் சோபா’ என்று எழுதியிருந்தது. பத்திரிகையாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை. முகம் கொதித்தது.

பத்திரிகையாளர் சிரித்தபடி அஃப்ஸர் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்திருக்கும்போல?”

“யார் வீட்டுல இல்லை? இது வேண்டாம்னு கழிச்சுப் போட்டது. இவ கை பட்டதும் எங்கே வந்து நிக்குது பாருங்க,” என்றாள் அஃப்ஸர். தங்கையின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள். “உன் கை நோகாம இருக்கட்டும்.”

மாந்தானாவால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அக்காவின் முக்காட்டு நுனியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

வாசல்வரை போன யல்தா திரும்பி வந்தாள். “வீட்டுக்காரங்க யாரும் உட்காராத சோபான்னு எழுதியிருக்கீங்க, சித்தி. கவலைப்படாதீங்க, இனிமே விருந்தாளியும் உட்கார முடியாது.”

அடுத்த வாரமே மாந்தானா புதுச் சோபா ஒன்றை வாங்கி நார்மக்குக்கு அனுப்பினாள். வண்டி அதே சோபாவோடு திரும்பி வந்தது. போன் செய்தாள்.

“எதுக்கும்மா இந்தச் சிரமமெல்லாம்? எங்க அறைக்கு அது பெரிசு. நீயே வச்சுக்கோ,” என்றாள் அஃப்ஸர்.

“அக்கா, தயவுசெஞ்சு.”

“வேண்டாம்மா. உன் வீட்டுக்குத்தான் அது நல்லா இருக்கும்.”

“யல்தாவுக்காகவாவது வாங்கிக்கோங்கக்கா.”

“அவளுக்கு என்ன, குறையில்லாமதான் இருக்கா. வேண்டாம்.”

மாந்தானா விடாமல் மறுபடியும் கெஞ்சினாள். அஃப்ஸரின் குரல் உயரவில்லை, பாசமும் குறையவில்லை. நான்காவது முறையும் அவள் மறுத்தபோதுதான் அது உபசாரப் பேச்சு இல்லை என்று மாந்தானாவுக்குப் புரிந்தது.

நவம்பர் முதல் வியாழக்கிழமை மாலை யல்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு சித்தி என்றார்களே, எங்கே என்று பையனின் தாய் கேட்டார். ஷிராஸில் கண்காட்சி, போயிருக்கிறாள் என்று அஃப்ஸர் சொன்னாள். மாந்தானா அன்று தெஹ்ரானில், தன் வீட்டில் இருந்தாள்.