மணப்பாட்டு வயர்லெஸ் பெட்டிக்கு ஒரு சாண் நிழல்

1

2024 மே 21, செவ்வாய்க்கிழமை. மணப்பாடு. பகல் 12.50-க்குக் கடற்கரையிலிருந்த வயர்லெஸ் பெட்டி சூடேறி நின்றுபோனது.

பழுதுபார்க்க வந்த ஜெயபிரியாவின் பணிப்பதிவிலிருந்து எடுத்த வரி இது. கதை அதிலிருந்துதான் கிடைத்தது. அதற்கு முன் எழுதிய தொடக்கங்கள்:

'கடல் அன்று ஒரு மாபெரும்' (அடித்துவிட்டேன். கடல் வழக்கம்போல்தான் இருந்தது.)

'வெயிலில் நிற்கும் கருவிகளைப் பற்றி நாம் யோசிப்பதே' (கட்டுரையாகப் போகிறது.)

2

கடலுக்குள் செல்போன் எடுக்காது. கரைக்கு வரும் காற்று எச்சரிக்கையை அந்தப் பெட்டி வழியாகத்தான் படகுகளுக்குச் சொல்ல முடியும். அன்று எச்சரிக்கை 12.55-க்கு வந்தது. அம்புரோஸின் படகு வெளியே இருந்தது.

அவர் மனைவி ஜெபிஷா மீன் விற்பவர். கூடை மூடும் ஈரச்சாக்கைக் கொண்டுவந்து பெட்டியைப் போர்த்தினார். ஒரு வாரமாகப் பகலில் மட்டும் நின்றுவிடும் பெட்டியைப் பார்க்க முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள் ஜெயபிரியா.

"என்னக்கா, குளிப்பாட்டுதியளா?"

"மீன் கெடாம இப்படித்தான வைப்போம்."

"மீன் மூச்சு விடாது. இது விடணும். பக்கத்து ஓட்டையெல்லாம் அடைச்சிட்டிய."

"எங்க வீட்டு ஆளு கடல்ல கிடக்காவ. நீ இங்கன பாடம் எடுக்குத!"

(முதல் பிரதியில் இந்த இடத்தில் ஜெயபிரியாவே வழி கண்டுபிடித்தாள். படித்துவிட்டு அவளே திருத்தினாள்: "துடுப்பு கொண்டாந்தது அக்கா. மாத்தி எழுதுங்க சார்.")

நான்கு துடுப்புகளை மணலில் நட்டு, சாக்கைப் பெட்டிக்கு ஒரு சாண் மேலே கட்டினார்கள். வெயில் சாக்கில் விழுந்தது. இடையில் காற்று ஓடியது.

3

ஜெபிஷாவின் பயத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி நீக்கினேன். நான் அதைப் பார்க்கவில்லை. இதுவரை கரையில் நின்றவன்போல் எழுதிவிட்டேன். நிற்கவில்லை. ஒரு செய்திக் கட்டுரைக்காக அம்புரோஸின் படகில் இருந்தேன். கரையில் நடந்ததை அந்த இரு பெண்களும் பிறகு சொன்னார்கள். நான் நேரில் கண்டது, படகில் ஊமையாகிப்போன வயர்லெஸ் கருவியை அம்புரோஸ் தட்டிக்கொண்டே இருந்ததும், 1.31-க்கு அது ஜெபிஷாவின் குரலில் இரைந்ததும்தான்.

"காத்து திரும்புதாம். வலைய அறுத்துட்டு வாங்க. அந்தப் பத்திரிகக்காரர வழியில எறக்கி விட்றாதிய."

"ஒங்களத்தான் சொல்லுதா, அண்ணாச்சி" என்று அம்புரோஸ் சிரித்தார். வலையை அறுக்கும்போது சிரிக்கவில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெட்டி மறுபடி நிற்கிறது. ஒன்றில் குரல் எங்களை எட்டவில்லை. அந்த இரண்டிலும் இதை எழுத நான் இல்லை. மூன்றாவதில், கரையேறியதும் இரு பெண்களுக்கும் நன்றி சொல்கிறேன். அதற்கு ஜெபிஷா, "இருக்கட்டும். சாக்க அவுத்துத் தாங்க, மீனு வெயில்ல கிடக்கு" என்கிறார். எதை வைத்துக்கொள்வது என்பதை வாசகரிடமே விடுகிறேன்.

பணிப்பதிவில் கடைசியாக இருப்பது: படகு 2.40-க்குக் கரை சேர்ந்தது. பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தகரக் கூரை போடப்பட்டது.